பச்சைக் கட்டங்களும் நான்காம் கேள்வியும்

செப்டம்பர் 8, திங்கள்

பருவகாலங்கள் பாடத்துக்கான வீடியோவைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது இந்த ஆண்டு ஏற்பாடு. காலையில் செயலியைத் திறந்தால் பெயர்ப்பட்டியல் முழுக்கப் பச்சை. எல்லோரும் 'முடித்துவிட்டார்கள்'. கடைசி வரிசைப் பையனிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "ஓட விட்டுட்டுப் படம் வரைஞ்சிட்டு இருந்தேன் மிஸ்" என்றான். பொய் சொல்ல வராத பிள்ளை. செயலியின் கணக்கில் அவன் நூற்றுக்கு நூறு.

வீடியோ முடிவில் இருந்த குட்டித் தேர்வுதான் உபயோகப்பட்டது. நான்காம் கேள்வி: கோடைகாலம் ஏன் வருகிறது? பாதி வகுப்புக்கு மேல் ஒரே தவறான விடை: 'பூமி சூரியனுக்கு அருகில் வருவதால்.' முன்பெல்லாம் இது தெரியவர விடைத்தாள் கட்டைத் திருத்தி முடிக்க வேண்டும். அதற்குள் பாடம் எங்கோ போயிருக்கும். இப்போது வகுப்புக்குள் நுழையும் முன்பே தெரிந்துவிடுகிறது. சராசரி மதிப்பெண் எவ்வளவு என்று நான் பார்க்கக்கூட இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

திரையை அணைத்துவிட்டேன். "பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் சுமார் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர். ஜூலையில் 15 கோடியே 20 லட்சம். அப்படியென்றால் ஜனவரியில் உலகம் முழுக்க வெயில் கொளுத்த வேண்டுமே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன்.

சும்மா நிற்பது லேசான வேலையில்லை. விடையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடிக்கும். எப்போதும் கை தூக்கும் முன்வரிசைப் பிள்ளைகள் தூக்கினார்கள். பொறுங்கள் என்று சைகை காட்டினேன். யாரோ பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள். கடைசியில் பின்னாலிருந்து ஒருத்தி, தானாக வாய் திறந்து நான் பார்த்திராதவள், "ஜனவரில ஆஸ்திரேலியாவுல வெயில், கனடாவுல பனி. ரெண்டும் ஒரே பூமிதானே மிஸ்? தூரம் எப்படிக் காரணமாகும்?" என்றாள்.

அப்புறம் ஒரு டார்ச், ஒரு பந்து, இழுத்துவிட்ட திரைச்சீலை. நேராக அடித்தால் வெளிச்சம் சின்ன வட்டமாக, பளிச்சென்று விழுகிறது. சரிவான இடத்தில் பட்டால் அதே வெளிச்சம் நீண்டு பரவி மங்குகிறது. பூமியின் அச்சு இப்படிச் சாய்ந்திருப்பது 23.5 டிகிரி என்று போர்டில் எழுதியபோது, எழுதச் சொல்லாமலேயே நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 10, புதன்

நேற்று வகுப்பை மேற்பார்வையிட வந்தவர் பின்வரிசையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார். இன்று அவருடைய படிவம் வந்தது. தொழில்நுட்பப் பயன்பாடு: இல்லை. மாணவர் ஈடுபாடு: நடுத்தரம், இடையில் அமைதி நிலவியது.

நேரில் போய்ப் பேசினேன். நல்ல மனிதர்தான். "எனக்கும் அந்த வகுப்பு ரொம்பப் பிடிச்சுது மேடம். ஆனா அதுக்கு டிக் அடிக்க இடமில்லையே" என்றார். நான்காம் கேள்விக்கு வந்த விடைகளைக் காட்டினேன். இதை வைத்துத்தான் நேற்றைய வகுப்பே அமைந்தது, இதைவிடத் தொழில்நுட்பப் பயன்பாடு என்ன வேண்டும் என்று கேட்டேன். கீழே குறிப்புப் பெட்டியில் சேர்த்துக்கொண்டார். அந்த மட்டும் சரி.

செப்டம்பர் 13, சனி

சக ஆசிரியர் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "இந்த அளவெடுக்கும் கணக்கே வேண்டாம், நம்மை நம்பி விட்டாலே போதும்" என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. உற்சாகமாகப் பேசி, வகுப்பையே கட்டிப்போட்டு, கடைசி வரிசைக்கு ஒன்றும் போய்ச் சேராத பாடங்களை நானும் மாணவியாக இருந்து கேட்டிருக்கிறேன்.

கணக்கு கெட்டுப்போவது எங்கே என்பதற்குப் பழைய உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் 1862-இல், ஆய்வாளர் நடத்தும் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வில் பிள்ளைகள் தேறுவதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்று விதி வந்தது. பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். பள்ளி ஆய்வாளராகவும் இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இதைக் கடுமையாக எதிர்த்தார். ஆனாலும் அந்த முறை ஒழிய 1890-கள் ஆயின. ஓர் அளவீட்டின் மேல் எவ்வளவு முடிவுகளை ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு அது சீரழியும் என்று சமூக உளவியலாளர் டொனால்டு கேம்ப்பெல் 1970-களில் எழுதியதும் இதே விஷயம்தான்.

ஆனால் அதே காலத்தில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரும் வகுப்பறையை அளந்தார். பாடங்களை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்து, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பார்த்தார். பெரும்பாலும் ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள், அவர்களே கேள்வியும் கேட்டார்கள். இதுவும் கருவிதான், கணக்குதான். யாருடைய சம்பளமும் அந்த விநாடிகளில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவே.

செப்டம்பர் 16, செவ்வாய்

நான்காம் கேள்வியை வார்த்தை மாற்றி மறுபடியும் போட்டேன். பெரும்பாலோர் சாய்வு என்று சரியாக எழுதியிருக்கிறார்கள். சிலர் இன்னும் தூரத்தை விடவில்லை. அந்தப் பட்டியலில், டார்ச் அடித்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டிய ஒரு பையனும் இருக்கிறான். முகத்தை மட்டும் நம்பியிருந்தால் அவன் தப்பியிருப்பான். நாளை அவன் கையில் பந்தைக் கொடுத்து எனக்குப் பாடம் நடத்தச் சொல்லப்போகிறேன். படம் வரைந்தவன் இந்த முறை சரியாக எழுதிவிட்டான், ஓரத்தில் சாய்ந்த பூமி ஒன்றோடு.