குளிரில் கிளம்பாத டீசல் பிக்கப்

குளிர்காலக் காலையில் டீசல் பிக்கப் கிளம்ப மறுத்தால், எதையும் கழற்றுவதற்கு முன் ஸ்டார்ட்டர் சுழலும்போது சைலன்சரைப் பாருங்கள். வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. இந்த ஒரு வேறுபாடு பாதி வேலையை மிச்சப்படுத்தும் என்பது என் உறுதியான கருத்து.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது, அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது; குளிர்ந்த உலோகம் அந்த வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால்தான் சிலிண்டரைச் சூடாக்கும் சிறு மின்சூடேற்றியான குளோ பிளக் தேவைப்படுகிறது. வெண்புகை கண்டால் ஒவ்வொரு பிளக்கின் இணைப்பையும் கழற்றி மல்டிமீட்டரில் மின்தடையை அளவிடுங்கள்: நல்ல பிளக் பெரும்பாலும் ஓரிரு ஓம் அளவிலேயே இருக்கும், செத்த பிளக் முடிவிலியைக் காட்டும். பிளக்குகள் எல்லாம் நன்றாக இருந்தால் அவற்றுக்கு மின்சாரம் அனுப்பும் ரிலேயைச் சந்தேகியுங்கள்.

இன்ஜின் மந்தமாகச் சுழன்றால் பேட்டரியைப் பாருங்கள். சுழலும்போது மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. புகையே இல்லாத நிலையில், கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்திருக்கலாம்.

இன்ஜினைக் கிளப்பக் காற்றுக்குழாயில் அடிக்கும், எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்பிரேயை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். சூடான குளோ பிளக்கில் அது முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடக்கூடும்.