எந்த ஐ.எஸ்.டி.?

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினுக்கு வந்த இரண்டாவது வாரமே மானம் போனது. "நாளை காலை 10 மணி ஐ.எஸ்.டி." என்று சென்னை டீமிலிருந்து மெயில். நானும் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். ஒருவரையும் காணோம். அவர்கள் சொன்னது இந்தியன் ஸ்டாண்டர்ட் டைம், அதாவது இந்திய நேரம்; அந்தப் பத்து மணி எனக்கு விடிகாலை ஐந்தரை. மீட்டிங் முடிந்து, மதியச் சாப்பாடும் முடித்திருந்தார்கள்.

அது ஜூன் மாதம். கோடையில் இங்குள்ள நேரத்துக்கும் ஐ.எஸ்.டி. என்றுதான் பெயர்: ஐரிஷ் ஸ்டாண்டர்ட் டைம். உலக நேரக் கணக்குக்கு அடிப்படையான கிரீன்விச் நேரத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதல். நம்முடையது ஐந்தரை மணி நேரம். இஸ்ரேலுக்கும் இதே மூன்றெழுத்து உண்டு. நல்லவேளை, எங்கள் டீமில் அங்கே யாரும் இல்லை.

கோடை நேரத்துக்கு எதற்கு 'ஸ்டாண்டர்ட்' பட்டம் என்று கேட்டால், அதற்குச் சட்டமே இருக்கிறது. 1968-இல் வருடம் முழுக்க இந்த நேரம்தான் என்று முடிவு செய்தார்கள். 1971-இல் குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் குறைத்தார்கள். ஆக, இங்கே விதிவிலக்கு குளிர்காலம்தான்!

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி, மறுபடி ஒன்றாகிறது. அன்று ஒன்றரை மணி இரண்டு முறை வரும். எனக்கு வம்பு திங்கட்கிழமை வந்தது. டப்ளின் நேரத்தில் போட்டு வைத்த வாராந்திர மீட்டிங்குகள் எனக்கு அப்படியே இருந்தன; சென்னைக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போயின. அவர்கள் போட்டவை எனக்கு முன்னால் வந்து, இரண்டு ஒன்றோடொன்று மோதின. அன்றிலிருந்து நான் ஐ.எஸ்.டி. என்று எழுதுவதே இல்லை. 'சென்னை நேரம்', 'டப்ளின் நேரம்' என்று ஊர்ப்பெயரோடு எழுதுகிறேன்.

அம்மாவுக்குத்தான் விளங்கவைக்க முடியவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு டிபன் முடித்துவிட்டுக் கூப்பிடுவார். கோடையில் எனக்கு அது மூன்றரை, டீ நேரம். அக்டோபருக்கு அப்புறம் இரண்டரை, சரியாக மீட்டிங் நடுவில்.

"நாங்க கடிகாரத்தைத் தொடவே இல்லையேடா?"

"இங்க மாத்திட்டாங்கம்மா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ உங்க ஊர்ல ராகு காலமும் மாறிடுச்சா?"