அண்ணாவும் நானும் ஒரு பி.பி.ஐ.யும்

2019 ஜனவரி 12, சனி

பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு அமைப்பு போடும் விளம்பரத்தில் வரும், நடிகர் ஆர்னோல்ட் சுவார்செனேகரின் இயந்திரத் தலை இன்றும் தொலைக்காட்சியில் கத்திவிட்டுப் போனது. ஓகஸ்ட் 29க்குள் முடிவெடுங்கள், அதன் பிறகு பி.பி.ஐ. முறைப்பாடு எடுக்கமாட்டோம் என்று 2017இலிருந்து கத்திக்கொண்டிருக்கிறது. பி.பி.ஐ. என்பது வேலையோ உடல்நலமோ போனால் தவணையைக் கட்டும் என்று சொல்லி வங்கிகள் கடனோடு சேர்த்து விற்ற காப்புறுதி. பொருந்தாதவர்கள் தலையிலும் கட்டியதால் இப்போது காசைத் திருப்பிக் கேட்கலாம்.

தலை அடங்கியதும் தொலைபேசி. பணம் மீட்டுத் தரும் கம்பனியாம். என் பெயரைப் பார்த்துத் தமிழ்ப் பையன் ஒருவனைப் பேச விட்டிருக்கிறார்கள். "வென்றால் மட்டும்தான் காசு அக்கா, தோற்றால் ஒரு சதமும் வேண்டாம்." எவ்வளவு என்று கேட்டேன். மெல்லிய குரலில் இருபது வீதமும் வற் வரியும் என்றான். அதாவது இருபத்துநான்கு. அதற்கு மேல் வாங்கக்கூடாது என்று போன வருடம் சட்டம் வந்தது. சம்மதம் பெறாமல் இப்படி அழைப்பதையும் செப்ரெம்பரில் தடை செய்துவிட்டார்கள். அதைச் சொன்னதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வங்கிக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், தபால் தலைக்காசு மட்டும்தான் செலவு. அதற்கு எதற்கு இடையில் ஒருவன்?

ஜனவரி 19

லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டை 1998இல் அண்ணாவும் நானும் சேர்ந்து வாங்கினோம். முற்பணம் சீட்டு எடுத்த காசு. நான் ஆஸ்பத்திரியில் வேலை, அண்ணா மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டினார். ஒருவர் சம்பளத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது என்பதால் இரண்டு பெயர். அக்காலத்தில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்கினார்கள். அண்ணன் தங்கை, மச்சான் மச்சான், சில இடங்களில் சிநேகிதர்கள்கூட. 2006இல் விற்றோம். விற்ற காசைப் பிரித்த விதத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

கடன் எழுதிய அலுவலர் சொன்ன ஒரு வாதம் மட்டும் நினைவில் இருக்கிறது. வேலை போனால் அரசாங்கம் வட்டி கட்டும் என்று நம்பவேண்டாம், சட்டம் மாறிவிட்டது, முதல் 39 கிழமைகளுக்கு ஒன்றும் கிடைக்காது என்றார். அது பொய்யில்லை. 1995 ஒக்டோபருக்குப் பிறகு கடன் எடுத்தவர்களுக்கு அந்த விதிதான். அந்த ஒன்பது மாத இடைவெளியைக் காட்டித்தான் வீட்டுக் கடனோடு காப்புறுதியைத் தலையில் கட்டினார்கள். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்ற கேள்விக்குள் அவர்கள் போகவில்லை.

எங்கள் பெயரில் வைத்திருக்கும் பத்திரம் எல்லாவற்றின் பிரதியும் தரும்படி வங்கிக்கு எழுதி அனுப்பினேன். முன்பு இதற்குப் பத்துப் பவுண்டு வரை கேட்பார்கள். போன மே மாதத்துத் தரவுச் சட்டத்துக்குப் பிறகு இலவசம், ஒரு மாதத்துக்குள் தரவேண்டும்.

பெப்ரவரி 16, சனி

தடித்த உறை வந்தது. மூடப்பட்ட கணக்கின் கடதாசிகளை எரித்திருப்பார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். இருக்கிறது. நுண்படச் சுருளிலிருந்து எடுத்த பிரதி, ஓரமெல்லாம் கறுப்பு.

இரண்டாம் பக்கம்: முதல் விண்ணப்பதாரர், தொழில், சுயதொழில், மினிகாப் சாரதி. பக்கத்திலேயே கணக்காளரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது என்று ஒரு குறிப்பு.

ஆறாம் பக்கம்: வீட்டுக் கடன் பாதுகாப்புக் காப்புறுதி, விபத்து, நோய், வேலையிழப்பு மூன்றுக்கும். மாதம் 500 பவுண்டு, ஆகக்கூடியது பன்னிரண்டு மாதம். கட்டணம் மாதம் 27.50. ஆம் என்ற பெட்டியில் ஒரு பெருக்கல் குறி. மற்றப் பக்கங்களில் அண்ணா போட்டதெல்லாம் வால் நீண்ட சரிக் குறிகள். இந்தப் பெருக்கல் குறி தடித்த பேனையில் இருக்கிறது, அதே தடித்த மையில்தான் அலுவலரின் கையொப்பமும். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: காப்புறுதி பெறுபவர், முதல் விண்ணப்பதாரர் 100, இரண்டாம் விண்ணப்பதாரர் 0.

எனக்குப் பூச்சியம்! கட்டணம் போனதோ கூட்டுக் கணக்கிலிருந்து. அதில் மாதாமாதம் தவறாமல் விழுந்தது என் சம்பளம். முழுக் காப்பும் அண்ணாவுக்கு. அவரை வேலையிலிருந்து நிறுத்த முதலாளி என்று ஒருவர் இருக்கவில்லை. சுயதொழில்காரர் வேலையிழப்புக்குப் பணம் கேட்டால், தொழிலையே முற்றாக மூடியதற்கு அத்தாட்சி காட்டவேண்டும். சவாரி குறைந்த மாதங்களுக்கு இந்தக் காப்புறுதியால் ஒரு சல்லிக்காசும் கிடைத்திராது.

பெப்ரவரி 17

வங்கி இருவர் கையொப்பமும் கேட்கிறது. அண்ணா இப்போது கனடாவில், ஸ்காபரோவில். நல்லநாள் பெருநாளில் மட்டும் பேசிக்கொள்கிறோம். இன்று பெருநாள் இல்லை என்பதால் யார் செத்தது என்று கேட்டுக்கொண்டே எடுத்தார்.

விளக்கினேன். முதல் கேள்வி: "எவ்வளவு வரும்?" இரண்டாவது: "அதில் என் பங்கு எவ்வளவு?" பாதி என்றேன். முழுக் காப்பும் அவர் பெயரில்தானே இருந்தது என்றார். கட்டியது யார் என்று கேட்டேன். அண்ணி பின்னால் நின்று ஏதோ சொன்னார். சரி, படிவத்தை அனுப்பு என்றார்.

மார்ச் 9, சனி

அண்ணா கையொப்பமிட்ட தாள் வந்தது. தபாற்செலவு 14 டொலர் என்று ஒரு மஞ்சள் துண்டு ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

முறைப்பாட்டை இன்றே பதிவுத் தபாலில் போட்டேன். நீளமாக எழுதவில்லை. கட்டாயம் என்று நம்பும்படி சொன்னார்கள்; சுயதொழில் என்று தெரிந்தும் வேலையிழப்புக் காப்பு விற்றார்கள்; இரண்டாம் பக்கத்தையும் ஆறாம் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். எட்டுக் கிழமைக்குள் இறுதிப் பதில் தரவேண்டும் என்பது விதி.

மே 4

சரியாக எட்டாவது கிழமை முடிவில் பதில். நிராகரிப்பு. விண்ணப்பத்தில் இருவரும் கையொப்பமிட்டிருக்கிறீர்கள், விருப்பத் தேர்வு என்று அச்சிடப்பட்டிருக்கிறது, ஆகவே அறிந்தே வாங்கினீர்கள். சுயதொழில் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடிதத்தின் பாதி, எங்கள் மனவருத்தத்தைப் புரிந்துகொள்வதாகச் சொல்கிறது. நாங்கள் மனவருத்தப்பட்டதாக எங்கும் எழுதவில்லை.

பி.பி.ஐ. முறைப்பாட்டு விதிகளை எதிர்த்து 2011இல் வங்கிகள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போய்த் தோற்றன. அதன் பிறகு 30 பில்லியன் பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுத்தாயிற்று. இன்னமும் முதல் கடிதம் இல்லை என்றுதான் வருகிறது. இல்லை என்றதும் பேசாமல் இருந்துவிடுபவர்களை நம்பித்தான் இப்படி எழுதுகிறார்கள் போல.

மே 11

நிதிக் குறைகேள் அலுவலகத்துக்கு அனுப்பினேன். வங்கியின் இறுதிப் பதிலிலிருந்து ஆறு மாத அவகாசம் உண்டு, கட்டணம் கிடையாது. யார் விற்றது என்பதை முதலில் கேட்கிறார்கள். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2005 ஜனவரி 14க்கு முன் காப்புறுதி விற்பனை சட்டபூர்வமான கண்காணிப்புக்குள் இருக்கவில்லை. அக்காலத்தில் தெருமுனைத் தரகரிடம் வாங்கியவர்கள் பலருக்கு இந்தக் கதவே திறக்காது. எங்களுக்கு விற்றது வங்கிக் கிளையிலேயே.

ஜூன் 22

வேலையிடத்துச் சிநேகிதி ஒருத்தி, பிளெவின் வழக்கைச் சொல்லிக் கேள் என்றாள். 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு, பி.பி.ஐ. கட்டணத்தில் 71.8 வீதம் தரகுப் பணம் என்பதை வாங்கியவரிடம் மறைத்தது அநியாயம் என்ற தீர்ப்பு. ஆனால் அது 2008 ஏப்ரலிலும் உயிரோடிருந்த கடன்களுக்குத்தான். எங்களுடையது 2006இலேயே முடிந்த கடன். இரண்டாம் பக்கமும் ஆறாம் பக்கமும் போதும்.

ஓகஸ்ட் 29, வியாழன்

கடைசி நாள். சில வங்கிகளின் இணையப் பக்கங்கள் திணறுவதாகச் செய்தி. எங்கள் முறைப்பாடு ஏற்கனவே உள்ளே இருப்பதால் பாதிப்பில்லை. அண்ணா குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்: "இன்றோடு முடிகிறதாமே, காசு வந்துவிட்டதா?"

நவம்பர் 16

குறைகேள் அலுவலகத்தின் விசாரணையாளர் எழுதியிருக்கிறார். இரண்டு பந்திதான். சுயதொழில் என்பது வங்கிக்குத் தெரிந்திருந்தது, காப்பின் முக்கியமான ஒரு பகுதி அவருக்குப் பெரும்பாலும் பயன்படாது என்பதை விளக்கியதற்குச் சான்றில்லை, விளக்கியிருந்தால் வாங்கியிருக்கமாட்டார்கள். பெருக்கல் குறியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! நான் அதைத்தான் பெரிய ஆதாரம் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தேன். வங்கி ஒப்புக்கொண்டுவிட்டது.

டிசெம்பர் 14

கணக்கு வந்தது. நூறு மாதக் கட்டணம் 2,750 பவுண்டு. ஒவ்வொரு கட்டணத்துக்கும் அது கட்டிய நாளிலிருந்து வருடம் எட்டு வீதத் தனிவட்டி, கூட்டினால் 3,840. முதலை விட வட்டி பெரிது. வட்டியில் இருபது வீதம், 768 பவுண்டு, வருமான வரியாகப் பிடித்துவிட்டார்கள். கைக்கு 5,822, ஆளுக்கு 2,911. அந்தப் பையனிடம் கொடுத்திருந்தால் 1,400 அளவில் போயிருக்கும்.

பிடித்த வரியில் ஒரு பகுதி திரும்ப வரும். என்னைப் போல் அடிப்படை வீதத்தில் வரி கட்டுபவருக்கு வருடம் 1,000 பவுண்டு வரை வட்டிக்கு வரியில்லை. என் பங்கு வட்டி 1,920. வேறு சேமிப்பு வட்டி எனக்கு இல்லாததால் 200 பவுண்டு பாக்கி. ஆர் 40 என்ற படிவம். வரி ஆண்டு ஏப்ரல் 5இல் முடிந்ததும் அனுப்பலாம்.

இரவு அண்ணா அழைத்தார். காசு வந்துவிட்டதாம். 2,911 சரிதானா என்று கேட்டு, வரித் துண்டை நான் வாசிக்க வாசிக்க எழுதிக்கொண்டார். தானும் ஆர் 40 நிரப்பலாமா என்றார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஆர் 43, பிரிட்டிஷ் குடியுரிமை இருப்பதால் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். "நீயே நிரப்பி அனுப்பிவிடேன் பிள்ளை."

இருபத்துநான்கு வீதம் என்றேன்.