சிக்கலான டைவர்டிகுலைட்டிஸ்: எம்.எஸ். தேர்வில் ‘ஒப்பிடுக’ என்று வந்தால்

பெருங்குடல் டைவர்டிகுலைட்டிஸ் (குடல் சுவரில் புடைத்த சிறு பைகளில், அதாவது டைவர்டிகுலங்களில், வரும் அழற்சி) நம் வார்டுகளில் அப்பெண்டிசைட்டிஸ் அளவுக்கு வருவதில்லை. அதனால் பிஜி மாணவர்கள் பலரும், நோயின் தீவிரத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் ஹின்ச்சி வகைப்பாட்டை மனப்பாடம் செய்து, ஒவ்வொரு நிலைக்கும் நேராக ஓர் அறுவை சிகிச்சையின் பெயரை எழுதிவிட்டு வருகிறார்கள். அதற்கும் மதிப்பெண் விழும். ஆனால் ‘ஒப்பிடுக’ என்ற கேள்விக்கு அது விடையாகாது. எந்த நோயாளிக்கு எது, ஏன், ஒரு வருடம் கழித்து அவர் எப்படி இருப்பார் என்பதைத்தான் எழுத வேண்டும். நான் தயாரான முறையைச் சொல்கிறேன்.

முதலிரண்டு நிலைகளை நான்கு வரியில் முடித்துவிடுங்கள். குடலை ஒட்டிய சீழ்க்கட்டி முதல் நிலை, இடுப்புக்குழிக்குள் இறங்கிய சீழ்க்கட்டி இரண்டாம் நிலை. சிறியதென்றால் ஆன்டிபயாட்டிக் போதும். ஏறத்தாழ 3 செ.மீ.க்கு மேல் இருந்து, ஊசி போக வழியும் இருந்தால் சி.டி. உதவியுடன் ட்ரெய்ன் (சீழை வடிக்கும் குழாய்). அழற்சி அடங்கி ஆறு வாரம் கழித்து கொலனோஸ்கோபி. புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்வதற்காக என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாம், நான்காம் நிலைகளில்தான் விடையின் உயிர் இருக்கிறது. வயிறு முழுக்கச் சீழ் என்றால் மூன்று, மலமே கொட்டியிருந்தால் நான்கு. இங்கே மூன்று வழிகள்.

ஹார்ட்மேன் 1921இல் தன் அறுவை சிகிச்சையை விவரித்தது புற்றுநோய்க்காக. மலக்குடலுக்கு முந்தைய பெருங்குடல் வளைவான சிக்மாய்டை வெட்டி எடுத்து, மலக்குடல் முனையை மூடி, மேல்முனையைக் கொலாஸ்டமியாக (மலம் பைக்குள் விழும்படி வயிற்றில் வைக்கும் திறப்பு) வெளியே கொண்டுவருவது. இணைப்பே இல்லாததால் கசிவு பயம் இல்லை. நள்ளிரவில் தனியாக நிற்கும் சர்ஜனுக்கு அது பெரிய தைரியம். ஆனால் அந்தக் கொலாஸ்டமியைத் திரும்ப மூடுவது இன்னொரு பெரிய அறுவை சிகிச்சை. ‘தற்காலிகம்’ என்று சொல்லி வைத்த பை பலருக்குக் கடைசிவரை அப்படியே இருந்துவிடுகிறது.

இரண்டாவது, வெட்டியெடுத்த கையோடு குடலை இணைத்து, தேவைப்பட்டால் பாதுகாப்புக்கு ஒரு லூப் இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றில் திறந்துவிடுவது) போடுவது. பிரான்சில் நடந்த டைவர்ட்டி ஆய்வில் (2017) 18 மாத முடிவில் இணைப்புச் செய்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு ஸ்டோமா (வயிற்றுத் திறப்பு) மூடப்பட்டிருந்தது. ஹார்ட்மேன் பிரிவில் 65 சதவீதம்தான். இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. லேடீஸ் ஆய்வின் டிவா பிரிவும் (2019) இதே திசையைத்தான் காட்டியது: 12 மாதத்தில் ஸ்டோமா இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் இணைப்புப் பிரிவில் ஏறத்தாழ 95 சதவீதம், ஹார்ட்மேன் பிரிவில் 72 சதவீதம். எண்களோடு நிறுத்திவிடாதீர்கள். டிவாவில் சேர்க்கப்பட்டவர்கள் ரத்த அழுத்தம் நிலையாக இருந்தவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றாதவர்கள். அந்த ஒரு வரியை எழுதும் மாணவர் ஆய்வைப் புரிந்து படித்திருக்கிறார் என்று எக்ஸாமினருக்குத் தெரிந்துவிடும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னிடம் இதைத்தான் பிடித்தார்கள்: நோயாளியின் ரத்த அழுத்தத்தை மருந்தால் தாங்கிப் பிடிக்கும் நிலையிலும் உடனே இணைப்பது (ப்ரைமரி அனஸ்டமோசிஸ்) சரியா என்று. “ப்ரைமரி அனஸ்டமோசிஸ்தான் நல்லதுன்னு சொல்றீங்க. நாரட்ரினலின் ஓடிட்டு இருக்கு, லாக்டேட் ஏறிட்டே போகுது. இப்பவும் இணைப்பீங்களா?” “இல்ல சார். இந்த நிலைமையில இணைக்க மாட்டேன்.” “அப்ப ஹார்ட்மேனா?” “அதுக்கும் நேரம் இல்லன்னா, கெட்ட பகுதியை மட்டும் எடுத்துட்டு, ரெண்டு முனையையும் ஸ்டேப்பிள் பண்ணி, வயித்தைத் தற்காலிகமா மூடி ஐ.சி.யு.வுக்கு அனுப்புவேன் சார். 24லிருந்து 48 மணி நேரத்துல திரும்பத் திறந்து, இணைக்கிறதா ஸ்டோமாவான்னு முடிவு பண்ணலாம்.” எக்ஸாமினர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

மூன்றாவது, லாப்ராஸ்கோப்பில் வயிற்றைக் கழுவி ட்ரெய்ன் மட்டும் வைப்பது. ஸ்டோமா இல்லை, குடலை வெட்டுவதும் இல்லை என்பது கவர்ச்சிதான். ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. டிலாலா ஆய்வு சாதகமாக வந்தது. லேடீஸ் ஆய்வின் லோலா பிரிவைப் பாதுகாப்புக் காரணத்தால் பாதியில் நிறுத்தினார்கள். ஸ்கேண்டிவ் ஆய்வில் (2015) மறு அறுவை சிகிச்சை கூடியது, கழுவி மட்டும் விட்ட சிலருக்கு சிக்மாய்டு புற்றுநோய் தப்பிப்போனது. நான்காம் நிலைக்கு இது கூடவே கூடாது. மூன்றாம் நிலையிலும் வெட்டியெடுப்பதே மேல் என்பது என் கருத்து, அப்படியே எழுதினேன். இரு பக்கமும் சொல்லிவிட்டு முடிவெடுக்காமல் நழுவினால் மதிப்பெண் குறையும்.

படம் அவசியம் போடுங்கள். கீழ்வெட்டு மேல் மலக்குடலில், அதாவது டீனியாக்கள் (பெருங்குடலின் மேல் நீளவாக்கில் ஓடும் தசைப்பட்டைகள்) ஒன்றுகலந்து மறையும் இடத்துக்குக் கீழே என்று அம்புக்குறி காட்டுங்கள். சிக்மாய்டு மிச்சம் வைத்து இணைத்தால் நோய் திரும்பும். மேல்வெட்டு தடிப்பில்லாத, மெத்தென்ற குடலில் இருந்தால் போதும். டைவர்டிகுலம் அத்தனையையும் எடுக்கத் தேவையில்லை.

நேரம் மிச்சமிருந்தால் ஃபிஸ்டுலாவுக்கு (குடலிலிருந்து இன்னோர் உறுப்புக்குள் திறந்துகொள்ளும் வழி) ஒரு பத்தி. சிறுநீர்ப்பைக்குள் திறப்பதுதான் அதிகம்; சிறுநீரோடு காற்று வருவதாக நோயாளியே சொல்வார், சி.டி.யில் சிறுநீர்ப்பைக்குள் காற்று தெரியும். இது பெரும்பாலும் அவசரமில்லை. குடலைத் தயார் செய்து, ஒரே அமர்வில் சிக்மாய்டை எடுத்து இணைத்துவிடலாம். சிறுநீர்ப்பை ஓட்டை சிறியதென்றால் சில நாள் கதீட்டர் வைத்தாலே ஆறிவிடும்.