சுலபம்தான், அக்கா

"கொஞ்சம் நீந்துவேன், தம்பி" என்று அந்த அக்கா தொலைபேசியில் சொன்னார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. "லைஃப் ஜாக்கெட் தருவோம், சுலபம்தான் அக்கா" என்று சொல்லி, மலையோடை வழியே சறுக்கியும் குதித்தும் கீழே இறங்கும் கேன்யனிங் பயணத்துக்கு அவர் பெயரைப் பதிந்துகொண்டேன். இரண்டு வருடமாகிறது. அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

நான் பொய் சொல்லவில்லை. இலங்கையின் கித்துல்கலவில் நாங்கள் ஆட்களை இறக்கும் ஓடையில் கயிற்று வேலையே கிடையாது. சில சறுக்குப் பாறைகள், நான்கு குதிப்புகள், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்களின் தர அளவில் செங்குத்து இறக்கத்துக்கு 1 முதல் 7 வரை, தண்ணீருக்கு 1 முதல் 7 வரை, எடுக்கும் நேரத்துக்கும் இடையில் வெளியேறும் வசதிக்கும் தனியாக ஆறு படிகள். எதில் வைத்துப் பார்த்தாலும் எங்கள் ஓடை கீழ்ப்படிகளில்தான் நிற்கும். ஆனால் அந்தத் தரம், வழக்கமான நீரோட்டத்தில், அந்த ஓடைக்கு முதல்முறை வருகிறவர்களை வைத்துப் போடப்படுவது. நானோ நூற்றுக்கணக்கான தடவை இறங்கியவன். எந்தக் கல்லில் பாசி, எந்தக் குழியில் ஆழம் என்று என் காலுக்குத் தெரியும். என் காலை வைத்து அவருக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது குதிப்பில் அவர் நின்றுவிட்டார். பத்தடி உயரம். மற்ற ஆறு பேரும் குதித்துக் கீழே காத்திருந்தார்கள். அவர் பாறையில் குந்தியிருந்தார். உடல் நடுங்க நடுங்க, லைஃப் ஜாக்கெட்டின் தொங்கிய கொக்கி கல்லில் தட்டிக்கொண்டே இருந்தது. உதடு வெளுத்திருந்தது. பயம் என்று நினைத்தேன். கொழும்பிலிருந்து விடியற்காலையில் வெறும் தேநீரோடு புறப்பட்டவர் என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடல் சூட்டை இழுக்கும். மெலிந்த உடம்பு, வெறும் வயிறு, இரண்டு மணி நேர ஈரம். அது குளிராகவே இருந்திருக்கலாம். சாப்பிட்டீர்களா என்று காலையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அந்த இடத்தில் காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. அட்டை கடிக்கும், அரை மணி நேரம் கூடுதலாகும், ஆனால் போகலாம். நான் அண்ணாந்து பார்த்தேன். ஐப்பசி மாதம், மலைமேல் மேகம் கறுத்திருந்தது. 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் சாக்ஸெட்பாக் ஓடையில், மேலே பெய்த மழை திரண்டு வந்து 21 பேரைக் கொன்றது. எனக்குத் தொழில் பழக்கிய அண்ணா முதல் நாளே சொன்ன செய்தி அது. கூட்டத்தைச் சீக்கிரம் வெளியே எடுக்க வேண்டும் என்று பட்டது. "குதியுங்கள் அக்கா, ஒன்றும் ஆகாது" என்றேன்.

குதித்தார். கால் சேரவில்லை, பக்கவாட்டில் விழுந்தார், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டார். இழுத்துக் கரையேற்றினோம். அடி எதுவும் இல்லை. நான் சொன்னபடி ஒன்றும் ஆகவில்லைதான்.

மழைக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று முதலாளியிடம் சொன்னேன், அவரும் சரி என்றார். அந்த மழை இரவு வரை வரவில்லை. வந்திருந்தால் நான் செய்தது சரியாகியிருக்குமா என்றும் யோசித்திருக்கிறேன். மேகத்தைப் பார்த்தது உண்மை. கீழே ஆறு பேர் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மை. இரண்டில் எது என் வாயிலிருந்து அந்தச் சொல்லை வரவழைத்தது என்று எனக்கு இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போதெல்லாம் இருபத்தைந்து மீட்டர் நிற்காமல் நீந்த முடியுமா, சாப்பிட்டீர்களா, உயரத்தில் தலை சுற்றுமா என்று வரிசையாகக் கேட்கிறேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள், சிலர் வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள்.

அன்று பஸ் ஏறும் முன், துவாயைப் போர்த்தியபடி அந்த அக்கா என்னிடம் கேட்டார்: "முதல்முறை குதித்தபோது உங்களுக்குச் சுலபமாக இருந்ததா, தம்பி?" அவர் குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முதல்முறை அண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே குதித்தார். அதை அவரிடம் சொல்லாமல் ஹெல்மெட்டுகளை எண்ணப் போய்விட்டேன்.