மனச்சோர்வுக்கு அரசு மருத்துவம்: சீட்டு, வரிசை, இருப்பில் இல்லாத மாத்திரை

காவிரியின் கிளையான வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மிதிவண்டியிலேயே போய்விடலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அங்கே மாத்திரை வாங்கிப் பழகியவர்களுக்கு வழிமுறையைச் சொல்ல வேண்டியதில்லை. ஓ.பி. சீட்டு, வரிசை, மருத்துவர், மருந்துக் கவுண்டர், அவ்வளவுதான். அதே வரிசையில் மனச்சோர்வுக்காக நின்றால் எங்கெங்கே இடறும் என்பதை, ஆத்திரம் முழுவதும் அடங்காத நிலையிலேயே எழுதி வைக்கிறேன். நோய் வந்த காரணத்தை எழுதப் போவதில்லை. அது என் குடும்பத்து விஷயம்.

முதலில் தெரிந்தவை எல்லாம் உடம்பின் தொல்லைகள்தாம். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, நெஞ்சுப் படபடப்பு, வயிற்று உப்புசம், சோற்றைக் கண்டால் வெறுப்பு. தனியார் கிளினிக் ஒன்றில் இசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் கோளாறு இல்லை, வாயுதான் என்று சொல்லி, ஒரு சத்து ஊசி போட்டு, 'நரம்பு மாத்திரை' என்று வெள்ளைக் கவரில் எதையோ மடித்துக் கொடுத்தார்கள். பெரியம்மா வீட்டில், மனநோய் தீரும் என்று நம்பிப் போகும் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு வரச் சொன்னார்கள். கோயிலுக்குப் போவதும் போகாததும் அவரவர் விருப்பம். கவரில் வரும் மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், பெயரை எழுதி வாங்குங்கள். அது தூக்க மாத்திரை வகையாக இருந்தால், சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டாலே உடம்பு அதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தவும் முடியாது. பின்னாளில் மனநல மருத்துவர் என்னிடம் முதலில் கேட்டதே அந்தப் பெயரைத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள்; இரண்டும் சரியாகவே இருந்தன. தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று நான் சொன்னதும், மருத்துவர் என்னைத் தொற்றா நோய்ப் பிரிவில் இருந்த செவிலியரிடம் அனுப்பினார். மனச்சோர்வைக் கணக்கிட ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் 27-க்குக் கூட்டுவார்கள். படிவத்தைக் குறை சொல்ல மாட்டேன். அது கேட்கப்பட்ட இடம்தான் கொடுமை. கதவு திறந்த அறையில், சர்க்கரைப் பரிசோதனைக்கு விரலை நீட்டிக்கொண்டு எங்கள் ஊர்க்காரர்களே நிற்க, அந்தப் பெண் ஒவ்வொரு கேள்வியையும் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததுண்டா என்பது. எனக்குப் பின்னால் நின்றவர் என் சம்பந்தியின் தம்பி. 'இல்லை' என்றேன். அதற்கு முந்தைய கேள்விகளுக்கும் அப்படித்தான் பாதிப் பதில் சொல்லியிருந்தேன். கூட்டுத்தொகை சொற்பமாக வந்தது. சத்து மாத்திரையோடு அனுப்பப்பட்டேன்.

நோயாளியைப் பற்றிய விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. பிரிவு எண்ணைச் சொல்லிச் சண்டை போடும் நிலையிலா நோயாளி இருப்பான்? எனக்குக் கைகொடுத்தது மிக எளிய வழி. மறுமுறை போனபோது ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் 'தனியாகப் பேச வேண்டும்' என்று எழுதி மருத்துவரின் மேசையில் நகர்த்தி வைத்தேன். அவர் வயதில் என் மகளைவிட இளையவர். சீட்டைப் படித்துவிட்டு, மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அதே ஒன்பது கேள்விகளுக்கு இம்முறை வேறு பதில்கள் வந்தன. வாய்விட்டுக் கேட்கத் தயங்குபவர்கள் இதைச் செய்து பாருங்கள். அவர் தைராய்டு பரிசோதனைக்கும் எழுதினார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே போன்ற சோர்வு வரும் என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். வட்ட மருத்துவமனைக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் நாளில் போய்ப் பார்க்கும்படி பரிந்துரைச் சீட்டும் கொடுத்தார்.

அந்த நாள் எது என்பதில் அடுத்த இடறல். பரிந்துரைச் சீட்டில் கிழமை எழுதியிருந்தது. என் மனைவியும் நானும் காலையிலேயே நகரப் பேருந்தில் போனோம் (அவளுக்குக் கட்டணமில்லை, எனக்கு உண்டு). புறநோயாளர் பதிவில் இருந்த ஊழியர் தலையை நிமிர்த்தாமலே, "மெண்டல் டாக்டரா? இந்த வாரம் முகாமுக்குப் போயிட்டாரு பெரியவரே" என்று அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். எப்போது வருவார் என்று கேட்டதற்கு, தெரியாது என்ற பதிலும் முழுதாக வரவில்லை. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1997-இல் தொடங்கியதே இதே காவிரிக் கரையில், திருச்சியில்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மருத்துவர் வரும் நாளை ஒரு பலகையில் எழுதி வைக்க அந்த மருத்துவமனைக்குக் கை வரவில்லை. அலைச்சலைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் மனநலப் பிரிவின் சமூகப் பணியாளரைக் கண்டுபிடித்து, அவரிடமே கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். பதிவுக் கவுண்டரை நம்பிப் பேருந்து ஏறாதீர்கள்.

அந்த இடைப்பட்ட நாட்களில் ஓர் இரவு மிக மோசமாக இருந்தது. என் மனைவி 14416-ஐ அழைத்தாள். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய 'டெலிமானஸ்' உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மறுமுனையில் இருந்தவர் அவசரப்படுத்தாமல் பேசினார். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்டார். விவசாயம் செய்யும் வீட்டில் இல்லாமல் இருக்குமா? அன்றிரவே அது பக்கத்து வீட்டுக்குப் போனது. இந்த மருத்துவப் பயணம் முழுவதிலும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டவர் அவர் ஒருவரே.

மனநல மருத்துவரைப் பார்த்தது சிக்கலில்லாமல் முடிந்தது. எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதினார். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், முதல் சில நாட்கள் குமட்டலும் பதற்றமும் வந்து போகலாம், தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது என்று நிதானமாகச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து மாத்திரையை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கெட்டது அங்கேதான்.

எங்கள் நிலையத்தின் மருந்தாளுநர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இங்க வராதுங்க" என்று ஜன்னல் வழியே திருப்பிக் கொடுத்தார். எப்போது வரும், யாரிடம் கேட்பது என்ற எதற்கும் பதில் இல்லை. வட்ட மருத்துவமனைக்கு ஓடினால் மருத்துவர் வரும் நாள் இல்லாமல் மாத்திரை தர மாட்டோம் என்றார்கள். கையில் இருந்தது தீர்ந்தது. தலை சுற்றலும், மண்டைக்குள் மின்சாரம் தாக்கியதைப் போன்ற அதிர்வும் வந்தன. திடீரென்று நிறுத்தினால் வரும் என்று மருத்துவர் எச்சரித்த அதே தொல்லைகள், என் குற்றம் எதுவுமில்லாமல் வந்தன. மாத்திரையைக் கடையில் காசு கொடுத்து வாங்கினோம். அதற்கு வழியில்லாதவர் என்ன செய்வார் என்று அந்த ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் யோசித்திருக்க மாட்டார்.

நான் பணிக்காலம் முழுவதும் கூட்டுறவு கடன் சங்கத்தில் உர இருப்புக் கணக்கு எழுதியவன். தேவைப்பட்டியல் அனுப்பாமல் எந்தச் சரக்கும் கிடங்கிலிருந்து நடந்து வராது என்பது எனக்குத் தெரியும். அரசு மருத்துவ நிலையங்களுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து வருகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் இவ்வளவு ரூபாய்க்கு என்று பாஸ்புக் உண்டு, கேட்டதைத்தான் கொடுப்பார்கள். ஆகவே மருந்தாளுநரோடு வாதிடுவதை விட்டுவிட்டு மருத்துவரிடமே போய், இந்த மாத்திரை தேவைப்பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டேன். எழுதப்படவில்லை. கேட்க ஆள் இல்லாததால் எழுதவில்லை, எழுதாததால் இருப்பில்லை, இருப்பில்லாததால் கேட்க யாரும் வருவதில்லை.

அந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். அதன் 18-ஆம் பிரிவு, மனநலச் சேவையை ஆரம்ப நிலை உட்பட எல்லா மட்டங்களிலும் பொது மருத்துவத்தோடு இணைக்கச் சொல்கிறது. ஆனால் அத்தியாவசிய மருந்துகளை எந்நேரமும் இலவசமாகத் தருவதைப் பற்றிப் பேசும்போது, சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே என்றுதான் வரையறுக்கிறது. சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்று பிரிவைக் காட்டி மிரட்டினால் பலிக்காது. சமுதாய சுகாதார நிலையம் எனப்படும், முப்பது படுக்கை கொண்ட வட்டார நிலையத்தில் கேட்டால் உங்கள் பக்கம் வலு அதிகம். நான் இரண்டையும் செய்தேன்: எங்கள் மருத்துவரிடம் என் பெயரில் தேவையை எழுதச் சொன்னேன், வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்கினேன். முத்திரை வாங்காத மனு கொடுக்காத மனுதான்.

மாத்திரை வந்தது. இப்போது எங்கள் நிலையத்தில் வேறு சிலரும் அதை வாங்குகிறார்கள். யார் என்று நான் பார்ப்பதில்லை. மருந்தாளுநர் என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அதனால் எனக்கு நட்டமில்லை. நடவு நாட்களில் என் மனைவி போய் வாங்கி வரலாமா என்று கேட்டேன். சீட்டும் பழைய மாத்திரை அட்டையும் கொண்டுவந்தால் போதும், ஆனால் மனநல மருத்துவர் குறித்த தேதிக்கு நான் நேரில் வந்தாக வேண்டும் என்றார்கள். சீட்டு நைந்துபோகும், ஆகவே இருபுறமும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்; மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே புறப்படுங்கள்.