அப்பச்சியின் உயிலுக்கு வக்கீல் தேடியபோது

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. ஐயாவுக்கும் (தாத்தாவுக்கும்) முந்திய தலைமுறை கட்டியது. இன்றைக்கு அதில் பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பங்கு இருக்கிறது. பாதிப்பேர் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியதும் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்), "நல்லா இருக்கும்போதே எழுதி வச்சிரணும்ப்பா" என்று சொல்ல ஆரம்பித்தார். வக்கீல் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் நாலு பேரிடம் விசாரித்துத்தான் போக வேண்டும். சமீபத்தில் பாகப்பத்திரம் பதிந்த குடும்பங்களிடம் கேட்டேன். யார் நல்லவர் என்று கேட்டால் எல்லோரும் சொந்தக்காரர் பெயரைத்தான் சொல்வார்கள். "உங்க பத்திரத்தை எழுதினது யாரு? பின்னால ஏதும் தகராறு வந்துச்சா?" என்று கேட்டால் விஷயம் தெரியும்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒருவர் தயாராக ஒரு படிவம் வைத்திருந்தார். பெயரையும் சர்வே நம்பரையும் போட்டால் உயில் ரெடி என்றார். சட்டப்படி உயிலுக்கு முத்திரைத்தாள்கூட வேண்டாம்; வெள்ளைத்தாளில் எழுதி, எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் முறையாகக் கையெழுத்திட்டால் செல்லும். ஆனால் எங்கள் கவலை தாளைப் பற்றியது இல்லை. அந்த வீட்டில் அப்பச்சிக்கு என்ன இருக்கிறது என்பதை முதலில் சரியாகச் சொல்ல வேண்டும். அடுத்துப் பார்த்த வக்கீலும் ஃபீஸை மட்டும் சொன்னார், பங்காளிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் தேவகோட்டையில் ஒரு பெண் வக்கீல். உட்கார்ந்ததும் அவர் கேட்டது: "வீடு யார் கட்டினது? பாகம் பிரிஞ்சிருக்கா? பெண் பிள்ளைங்க எத்தனை பேர்?" அங்கேயே எனக்கு மனசு நின்றுவிட்டது. இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துப் போயிருந்த பழைய கூர்சீட்டை, அதாவது யாருக்கு எந்தப் பாகம் என்று பங்காளிகள் எழுதிக்கொண்ட சீட்டை, பிரித்து, மடிப்பில் கிழிந்த இடத்தை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "இரண்டாங்கட்டு தெற்கறை" என்று அதில் அப்பச்சி பெயரில் இருக்கிறது. ஆனால் பதிவு ஆகாதது. "இதை மட்டும் வச்சு அறையே உங்களுதுன்னு எழுத முடியாது ஐயா. பிரிபடாத பங்குன்னுதான் எழுதணும்" என்றார்.

பூர்வீகச் சொத்தில் தன் பங்கை உயில் எழுத 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இடம் தருகிறது. 2005 திருத்தத்துக்குப் பிறகு மகள்களுக்கும் பிறப்பிலேயே சம உரிமை. ஆகவே என் ஆச்சியின் (அக்காவின்) பங்கில் அப்பச்சியே கை வைக்க முடியாது. காரைக்குடி மனை அவர் சொந்தச் சம்பாத்தியம். அது முழுக்க அவர் இஷ்டம். வங்கி டெபாசிட்டில் நாமினி என்று என் பெயர் இருப்பதாலேயே அது எனக்குச் சொந்தமாகிவிடாது என்பதையும் தெளிவாகச் சொன்னார்.

அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணே, கொஞ்ச நேரம் வெளியே இருங்க" என்றார். அப்பச்சியிடம் தனியாகப் பேசினார். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் பெரியவர்கள் மனசில் இருப்பதைச் சொல்வதில்லை. வக்கீல் தேடுகிறவர்கள் இந்த ஒன்றை அவசியம் பாருங்கள். வெளியே வந்த அப்பச்சி, "விவரமான ஆத்தா" என்றார், அவ்வளவுதான்.

ஃபீஸை மூன்று தவணையாகப் பேசி, எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டோம். வரைவைத் தமிழிலேயே தந்தார். அப்பச்சி பேனாவோடு உட்கார்ந்து வெள்ளிச் சாமான் பட்டியலை மட்டும் திருத்தினார். சாட்சிகளாகப் பங்கு ஏதும் பெறாத, வயதில் இளைய உள்ளூர்க்காரர்கள். அதில் ஒருவர் அப்பச்சியைப் பார்க்கும் டாக்டர். உயிலைப் பதிவது கட்டாயமில்லை, இருந்தும் பதிந்துவிட்டோம்.

பின்னால் வீடு முறைப்படி பாகம் பிரிந்தால் உயிலைத் திருத்த வேண்டியிருக்கும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அடுத்து ஊரில் கல்யாணத்துக்குப் பங்காளிகள் கூடும்போது அந்தப் பேச்சை எடுப்பதாக அப்பச்சி சொல்லியிருக்கிறார்.